டிஃபென்ஸ்மேனை ட்ரேடில் எடுக்கும் முன்: எந்தப் புள்ளிவிவரத் தளத்தை எதற்கு நம்பலாம்?

2025 மார்ச் 7 அன்று என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கி லீக்கில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி பாஸ்டனிடமிருந்து பிராண்டன் கார்லோ என்ற டிஃபென்ஸ்மேனை (தற்காப்பு வீரர்) ட்ரேடில் எடுத்தது. பதிலுக்குக் கொடுத்தது ஃப்ரேசர் மின்டன் என்ற இளம் சென்டர், 2026ஆம் ஆண்டின் முதல் சுற்று டிராஃப்ட் தேர்வு (புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை), கூடவே ஒரு நான்காம் சுற்றுத் தேர்வு. இந்த விலை தகுமா என்ற கேள்வி டொராண்டோவில் லீஃப்ஸ் பார்க்கும் தமிழர் உட்பட எல்லா ரசிகருக்கும் எழும். ஐஸ் ஹாக்கியில் ஃபார்வர்டுக்கு (முன்கள வீரர்) விலை போடுவது ஓரளவு சுலபம், கோலும் பாயிண்டும் (கோலும் கோலுக்கு உதவிய பாஸும் சேர்ந்த கணக்கு) கண்ணெதிரே நிற்கும். டிஃபென்ஸ்மேனின் நல்ல வேலையோ பெரும்பாலும் நடக்காமல் போன விஷயங்கள்தான். உள்ளே நுழைய விடாமல் தடுத்தது, வலைக்கு எதிரே வராமல் போன பாஸ் இதையெல்லாம் யாரும் ஸ்கோர்ஷீட்டில் எழுதுவதில்லை.

இதை அளக்க ரசிகர்கள் பயன்படுத்தும் தளங்கள் சில இருக்கின்றன. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக் இலவசம், வேலையில் பாதிக்கு மேல் அதிலேயே முடியும். ஆல் த்ரீ ஸோன்ஸ் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது. எவால்விங் ஹாக்கி நல்ல தளம், ஆனால் அதன் ஒற்றை எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவது ஆபத்து. என்ஹெச்எல் எட்ஜ் பார்க்க அழகு, டிஃபென்ஸ்மேன் விஷயத்தில் உதவி குறைவு. இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் மூன்று முழு ஆட்டங்களைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் விலை சொல்லக்கூடாது.

முதலில் பிளஸ்-மைனஸை (ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்த எண்) ஒதுக்கிவிடுங்கள். 2022-23இல் எரிக் கார்ல்சன் சான் ஹோசேவுக்கு 101 பாயிண்ட் எடுத்தார். 1991-92இல் பிரையன் லீட்ச் எடுத்த 102க்குப் பிறகு ஒரு டிஃபென்ஸ்மேன் நூறைத் தொட்டது அப்போதுதான். சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பையும் அவருக்கே. அந்த ஆண்டு அவருடைய பிளஸ்-மைனஸ் மைனஸ் 26. பவர் பிளேயில் (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) அடித்த கோல் இந்தக் கணக்கில் சேராது, காலி வலையில் வாங்கிய கோல் சேரும், அணியின் கோலி (கோல் காப்பாளர்) மோசமாக இருந்தால் அதுவும் அவர் தலையில்தான் விழும். ஹிட் (உடலால் மோதியது), பிளாக் (ஷாட்டை மறித்தது), கிவ்அவே (பக்கை, அதாவது ரப்பர் வட்டை எதிரணியிடம் விட்டது) எண்களிலும் எச்சரிக்கை தேவை. ஒவ்வோர் அரங்கிலும் குறிப்பெடுப்பவரின் கை ஒவ்வொரு மாதிரி. பார்த்தே ஆக வேண்டுமென்றால் வெளியூர் ஆட்டங்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள்.

நேச்சுரல் ஸ்டாட் ட்ரிக்கில் 2007-08 சீசனிலிருந்து தரவு கிடைக்கிறது. வீரர் பட்டியலில் சூழ்நிலையை 5-க்கு-5 (இரு அணியிலும் கோலி தவிர ஐந்து பேர்), ஸ்கோரும் அரங்கும் சரிசெய்தது என்று மாற்ற வேண்டும். முன்னிலையில் இருக்கும் அணி பின்வாங்கி ஆடும், பின்தங்கிய அணி கண்டபடி ஷாட் அடிக்கும். இந்தத் திருத்தம் இல்லாமல் பார்த்தால் நல்ல அணியின் டிஃபென்ஸ்மேன் உள்ளதைவிட மோசமாகத் தெரிவார். அடுத்து ஆன்-ஐஸ் (அவர் களத்தில் இருந்தபோது நடந்தவை), ரேட்ஸ் (அறுபது நிமிடக் கணக்கில்), டிஃபென்ஸ் மட்டும், குறைந்தது 500 நிமிடம் என்று வடிகட்டுங்கள். குறைந்தது மூன்று சீசன் இருக்கட்டும், ஒரு சீசனை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பட்டியல் வந்ததும் எக்ஸ்பெக்டட் கோல் (ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பைக் கணித்துக் கூட்டியது) சதவீதத்தை, அதாவது மொத்தத்தில் அவர் அணியின் பங்கைப் பார்க்கும் முன், அதன் இரண்டு பாதிகளையும் தனித்தனியே பாருங்கள். அறுபது நிமிடத்துக்கு அவர் களத்தில் இருக்கும்போது அணி உருவாக்குவது எவ்வளவு, எதிரணிக்குக் கொடுப்பது எவ்வளவு? 52 சதவீதம் என்று ஒரே எண்ணில் நிற்கும் இருவரில் ஒருவர் இரண்டு பக்கமும் வாய்ப்பு கொட்டும் ஆட்டக்காரராக இருப்பார், இன்னொருவர் இரண்டு பக்கத்தையும் அடக்கிவைப்பவராக இருப்பார். முன்னணி ஜோடிக்குப் பின்னால் நிற்கப் பொறுமையான ஆள் தேடும் அணி முதல் ஆளை எடுத்தால் பிளேஆஃப் தொடங்கும் ஏப்ரலில் வருத்தப்படும்.

களத்தில் இருக்கும்போது கோலியின் தடுப்பு விகிதம் என்ற பத்தி பக்கத்திலேயே இருக்கும். அதை எப்படிப் படிப்பது என்று ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். ஒருவர் சீசனில் 5-க்கு-5 ஆட்டத்தில் 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம் ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரணி அறுபது நிமிடத்துக்கு 28 ஷாட் அடித்தால் மொத்தம் 560. கோலி 92 சதவீதம் தடுத்தால் வாங்கிய கோல் 45. 90 சதவீதம் தடுத்தால் 56. ஆளும் மாறவில்லை, ஆட்டமும் மாறவில்லை, கணக்கில் மட்டும் 11 கோல் வித்தியாசம் வந்துவிட்டது. அந்தப் பதினொன்றைத்தான் ஒரு ஊர் "இவன் டிஃபென்ஸே ஆடமாட்டான்" என்கிறது, இன்னொரு ஊர் "பாறை மாதிரி நிற்கிறான்" என்கிறது. ட்ரேடில் லாபம் கிடைப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். வாய்ப்புகளை நன்றாகக் கட்டுப்படுத்தியும் கோலியால் கெட்ட பேர் வாங்கியவரைத் தேடுங்கள்.

இந்தத் தளத்தின் உண்மையான பொக்கிஷம் லைன் டூல். அணியைத் தேர்ந்தெடுத்து, இந்த இருவரும் சேர்ந்து, இவர் இருந்து அவர் இல்லாமல், அவர் இருந்து இவர் இல்லாமல் என்று மூன்று முறை ஓட்ட வேண்டும். உதாரணத்துக்கு, சேர்ந்து 800 நிமிடத்தில் 55 சதவீதம், கூட்டாளி தனியே 300 நிமிடத்தில் 54, நாம் விலை கேட்கும் ஆள் தனியே 350 நிமிடத்தில் 46 என்று வந்தால், யார் யாரைச் சுமக்கிறார் என்பது தெரிந்துவிடும். ஆனால் அவசரப்படாதீர்கள். அந்த 350 நிமிடத்தில் அவருக்குக் கிடைத்த கூட்டாளி யார் என்று நான்காவது முறையும் ஓட்டிப் பாருங்கள். மைனர் லீக்கிலிருந்து வந்த புதுப்பையனோடு ஆடிய 350 நிமிடமாக இருந்தால் 46 என்பது அவ்வளவு மோசமில்லை.

தற்காப்புப் பகுதியில் தொடங்கும் ஃபேஸ்ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) விகிதத்தை வைத்து "இவருக்குக் கஷ்டமான வேலை கொடுக்கிறார்கள்" என்று வாதாடுபவர்கள் அதிகம். பாதிக்கும் மேற்பட்ட ஷிஃப்டுகள் (ஒருவர் ஒரு முறை களமிறங்கி ஆடும் நேரம்) ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறி இறங்குபவை. ஆகவே அந்த வாதத்துக்குச் சொல்லப்படுகிற அளவு எடை கிடையாது. கூட்டாளியும் எதிரே நின்ற ஃபார்வர்டும்தான் அதைவிடப் பெரிய விஷயம்.

குறை? என்ஹெச்எல் வெளியிடும் ஆட்டக்குறிப்பில் ஷாட்டுக்கு முந்தைய பாஸ் கிடையாது. வலைக்கு எதிரே குறுக்காகப் போகவேண்டிய பாஸை மட்டையை நீட்டி வெட்டிவிட்டவருக்கு இந்தத் தளத்திலும், இதே குறிப்பை நம்பும் மற்றத் தளங்களிலும் ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. வெறும் அட்டவணைதான், கைபேசியில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிக் கை வலிக்கும். இலவசத்துக்கு அது பரவாயில்லை.

எவால்விங் ஹாக்கி சந்தா கேட்கிறது. கூட்டாளி, எதிராளி, ஸ்கோர் எல்லாவற்றின் பாதிப்பையும் ஒரே நேரத்தில் கழிக்கும் ரிக்ரெஷன் கணக்கு அதன் பலம். லைன் டூலில் கையால் செய்வதை இது முறையாகச் செய்கிறது. தடுமாறுவது ஓரிடத்தில்: இருவர் எப்போதும் சேர்ந்தே ஆடினால், யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கப் போதிய நிமிடம் கணக்குக்குக் கிடைக்காது, புகழைப் பகிர்ந்து இருவருக்கும் கொடுத்துவிடும். நீண்டகால ஜோடியில் ஒருவரை வாங்கும்போது அந்த எண்ணைப் பாதிதான் நம்ப வேண்டும்.

எண்களை நம்பி நல்ல பேரம் முடித்ததற்கு டெவன் டேவ்ஸைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 2020 அக்டோபரில் கொலராடோ அவரை நியூயார்க் ஐலண்டர்ஸிடமிருந்து இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளுக்கு எடுத்தது. ஐலண்டர்ஸ் சாலரி கேப் (அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு) நெருக்கடியில் இருந்தது. பொதுப் புள்ளிவிவரங்களில் அப்போதே நல்ல இடத்தில் இருந்தவர், நட்சத்திர டிஃபென்ஸ்மேன் கேல் மகாருக்குப் பக்கத்தில் நின்று 2022இல் லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்.

ஆல் த்ரீ ஸோன்ஸ், கோரி ஸ்னைடர் என்ற தனிமனிதர் வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கையால் குறித்த தரவு. பக்கைக் கட்டுப்பாட்டில் வைத்துத் தன் பகுதியிலிருந்து வெளியேறியது, எதிரணியின் நுழைவை ப்ளூ லைனில் (தற்காப்புப் பகுதி தொடங்கும் நீலக் கோடு) மறுத்தது, மூலையில் போய்ப் பக்கை மீட்டது எல்லாம் இங்கேதான் கிடைக்கும். பக்கை ஏந்தி நுழைந்தால், உள்ளே அடித்துவிட்டு விரட்டுவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஷாட் கிடைக்கிறது என்பதை எரிக் டல்ஸ்கி குழுவின் ஆய்வு 2013இலேயே காட்டியது. அந்த டல்ஸ்கி 2024இல் கரோலினாவின் ஜெனரல் மேனேஜர் ஆனார். ஆகவே நுழைவை மறுக்கும் டிஃபென்ஸ்மேனுக்கு மதிப்பு உண்டு, அதை அளக்கும் தளத்துக்குச் சந்தா கட்டுவதும் நியாயம். எல்லா ஆட்டமும் குறிக்கப்படுவதில்லை என்பதை மட்டும் மறக்கக்கூடாது. ஒருவருக்கு எத்தனை நிமிடம் குறித்திருக்கிறார்கள் என்ற பத்தியைப் பார்த்துவிட்டுத்தான் சதவீதத்தைப் படிக்க வேண்டும்.

என்ஹெச்எல் எட்ஜ் 2023 அக்டோபரில் வந்தது. அதிகபட்ச வேகம், மணிக்கு 20 மைலைத் தாண்டிய ஓட்டங்கள், ஓடிய தூரம், களத்தின் எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் என்றெல்லாம் காட்டும். வயதானவரை வாங்கும்போது அவருடைய வேக ஓட்டங்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு விழுகிறதா என்று பார்க்க இது ஒன்றுதான் வழி, அதற்காகத் திறக்கலாம். ஆனால் சராசரிக்குக் கீழே இருப்பவர் எவ்வளவு கீழே என்பதைச் சரியாகச் சொல்லாமல், ஐம்பதுக்குக் கீழ் என்று முடித்துவிடுகிறது. வாங்குபவருக்கு வேண்டியதே அதுதான். மேலும் டிஃபென்ஸில் வேகமாக ஓடவேண்டி வந்ததற்குக் காரணம் பலமுறை முதலில் தப்பான இடத்தில் நின்றதுதான்.

இனி கண். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்தவரும் கடைசியில் மாட்டை நடக்கவிட்டுத்தான் விலை பேசுவார். டிஃபென்ஸ்மேனை நடக்கவிட்டுப் பார்க்கும் இடம் மூலை. எதிரணி பக்கை உள்ளே அடித்துவிட்டு விரட்டி வருகிறது. அவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி போய் அதை எடுக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று வினாடியில் எத்தனை முறை தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறார் என்று எண்ணுங்கள். பக்கைத் தொடும் முன் இரண்டு முறை பார்ப்பவருக்கு, விரட்டுபவர் எந்தத் தோள் பக்கம் வருகிறார் என்று தெரியும். ஒரு பக்கம் சாய்வதுபோல் காட்டி மறுபக்கம் திரும்பி வலைக்குப் பின்னால் சுற்றுவார், அல்லது பக் வந்த திசைக்கே திருப்பிக் கூட்டாளிக்குத் தள்ளுவார். பார்க்காதவர் பலகையோரம் கண்ணாடிமேல் ஓங்கி அடித்து வெளியேற்றுவார். அரங்கம் கைதட்டும். எதிரணி நடுவில் அதைப் பிடித்து மறுபடி அதே மூலைக்கு அனுப்பும், இப்போது அவருக்கு மூச்சு வாங்கும்.

ஒரு தாளில் மூன்று கோடு போட்டுக்கொள்ளுங்கள்: கட்டுப்பாட்டோடு வெளியேறியது, வெறுமனே வெளியே அடித்தது, இழந்தது. மூன்று ஆட்டத்தில் 30 மீட்பு சேர்ந்தால் ஆளின் பழக்கம் தெரிந்துவிடும். ஆட்டங்களை நீங்கள் தேர்ந்தெடுங்கள். ஒன்று கடுமையாக விரட்டும் அணிக்கு எதிராக, ஒன்று அடுத்தடுத்த இரவுகளில் இரண்டாவது ஆட்டம், ஒன்று அவர் அணி பின்தங்கிய ஆட்டம். ஹைலைட்ஸ் வேண்டாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது டிஃபென்ஸ்மேனுக்குச் செல்லாது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது இடைவெளி. ப்ளூ லைன்களுக்கு நடுவே 50 அடி. எதிராளி அந்த 50 அடியைக் கடக்கும்போதே நெருங்கி நிற்கிறாரா, தன் ப்ளூ லைனை எதிராளிக்கு விட்டுக்கொடுத்து ஃபேஸ்ஆஃப் வட்டம்வரை பின்வாங்குகிறாரா? தொலைக்காட்சி கேமரா பக்கின் பின்னால் போவதால் இதைப் பாதிதான் காட்டும், அரங்கில் மேல் இருக்கையிலிருந்து பார்க்க முடிந்தால் நல்லது. கையும் கவனியுங்கள். இடது கைக்காரர் வலப்பக்கம் ஆடினால் பலகையோரப் பக்கைப் பின்கையால் எடுக்க வேண்டிவரும், அங்கே அரை வினாடி போகும். வலது கைக்காரர்கள் குறைவு என்பதால் விலையும் ஏறும். கார்லோவுக்குக் கொடுத்த விலையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

எண்ணும் கண்ணும் சண்டைபோட்ட வழக்கு டிஃபென்ஸ்மேன் சேத் ஜோன்ஸ். 2021 ஜூலையில் சிகாகோ அவருக்காக ஆடம் போக்விஸ்ட் என்ற இளம் டிஃபென்ஸ்மேன், இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகள், ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு கொடுத்து, எட்டு ஆண்டுக்கு 7.6 கோடி டாலர் ஒப்பந்தமும் போட்டது. ஆய்வாளர்கள் பலர் அப்போதே எச்சரித்தார்கள், ஸ்கவுட்டுகள் (ஆட்டத்தைப் பார்த்து வீரரை மதிப்பிடுபவர்கள்) உடற்கட்டையும் ஸ்கேட்டிங்கையும் காட்டினார்கள். சரிந்துகொண்டிருந்த அணியில் முதல் ஜோடியாகத் தினமும் நிறுத்தப்பட்டவருக்கு எண்கள் ஏறவில்லை. 2025 மார்ச்சில் ஃப்ளோரிடா அவரை எடுத்தது, அந்த ஜூனில் கோப்பை வென்றது. அங்கே நல்ல அணி சூழ்ந்திருந்தது, எல்லாப் பாரமும் அவர் மேல் இல்லை.

விலையையும் பக்பீடியா என்ற ஒப்பந்தக் கணக்குத் தளத்தில் பாருங்கள். ஜோன்ஸின் ஒப்பந்தம் தொடங்கிய 2022-23இல் சாலரி கேப் 8.25 கோடி டாலர், ஆண்டுக்கு அவருடைய 95 லட்சம் அதில் 11.5 சதவீதம். சிகாகோ ஆண்டுக்கு 25 லட்சத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டதால் ஃப்ளோரிடாவின் கணக்கில் 70 லட்சம். 2025-26இன் 9.55 கோடியில் அது 7.3 சதவீதம். டாலரைப் பார்க்காமல் சதவீதத்தைப் பார்த்து, ஒப்பந்தம் முடியும்போது வயது என்ன, ட்ரேடைத் தடுக்கும் உரிமை அவர் கையில் உண்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதே வேலை செய்த கேப்ஃப்ரெண்ட்லி தளத்தை 2024இல் வாஷிங்டன் அணி வாங்கி மூடியபிறகு இந்த வேலைக்குப் பக்பீடியாதான் கைகொடுக்கிறது.

ஒரே ஒரு மாதச் சந்தாவுக்குத்தான் காசு ஒதுக்க முடியும் என்றால் பிப்ரவரியில், ஆல் த்ரீ ஸோன்ஸுக்குக் கட்டுங்கள். அதற்குள் சீசனில் பாதிக்கு மேல் முடிந்திருக்கும், குறித்த ஆட்டங்களும் ஓரளவு சேர்ந்திருக்கும். லைன் டூலில் தேறிய நான்கைந்து பேரை மட்டும் அங்கே தேடிப் பாருங்கள்.