“கொப்பர் வயரை வெட்டப் போறாங்கள்” என்று கதவைத் தட்டினால் நம்பாதீர்கள்: அம்மாவின் 214 பவுண்ட் போய்விட்டது

லண்டனில் வயதான அம்மா அப்பா தனியாக இருக்கிற எல்லாரும் தயவுசெய்து இதை வாசியுங்கள். அம்மாவின் வாசலில் வந்து பிராட்பாண்ட் விற்ற கம்பனியோடு இப்போதுதான் கதைத்துவிட்டு போனை வைத்தேன். முக்கால் மணித்தியாலம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, “பழைய கம்பனியின் காசை நாங்கள் கட்டுவோம் என்று உங்கள் ஓர்டரில் ஒரு குறிப்பும் இல்லை” என்று அதே பழைய பதில். ஆத்திரத்தில் கை நடுங்குகிறது. 214 பவுண்ட். பென்ஷனில் சீவிக்கிற ஒரு மனுசியின் 214 பவுண்ட்.

புகார் இன்னும் முடியவில்லை, அதனால் கம்பனியின் பெயரை இங்கே எழுதவில்லை. வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி ஃபுல் ஃபைபர், அதாவது வீடு வரைக்கும் ஃபைபர் வயரிலேயே வருகிற இணைப்பு, விற்கிற ஒரு பிராட்பாண்ட் கம்பனி. அவ்வளவு போதும்.

அம்மா ஈஸ்ட் ஹாமில் கீழ்மாடி ஃபிளாட் ஒன்றில் இருக்கிறார். அப்பா போன பிறகு தனியாகத்தான். வீட்டில் இருந்தது பழைய வகை இணைப்பு: தெருமுனையில் நிற்கிற பச்சைப் பெட்டி வரைக்கும் ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குச் செப்பு வயர். கனடாவில் இருக்கிற பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் கதைக்கவும் தமிழ் நாடகம் பார்க்கவும் அந்த வேகம் அம்மாவுக்குத் தாராளம். ஒருநாளும் அவர் குறை சொன்னதில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. அந்த லைனில்தான் வீட்டுப் போனும் இருந்தது. கழுத்தில் போடுகிற அவசர அலாரமும் அந்தப் போன் லைனில்தான் ஓடியது. அம்மாவுக்குச் சலரோகம். முன்பு ஒருமுறை குளியலறையில் விழுந்தபோது அந்தப் பொத்தானை அழுத்தித்தான் ஆள் வந்து தூக்கினார்கள்.

2025 இலையுதிர் காலத்தில் ஒரு பின்னேரம் ஒரு பெடியன் கதவைத் தட்டியிருக்கிறான். கம்பனி ஜாக்கெட், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லட். வாசலில் ஒட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்ததும் தமிழில் தொடங்கிவிட்டான். “அன்ரி, நீங்கள் ஊரில எந்த இடம்?” அம்மா இடத்தைச் சொல்ல, தன் அம்மம்மாவும் அந்தப் பக்கம்தான் என்றானாம். அப்புறம் என்ன, தேத்தண்ணி வந்துவிட்டது. அம்மா எனக்குப் போன் எடுத்து, “எங்கட பெடியன் ஒண்டு வந்திருக்கு, நீயே கதை” என்று அவனிடம் கொடுத்தார்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை. “அக்கா, இந்த டிசம்பரோட கொப்பர் வயர் எல்லாத்தையும் கட் பண்ணுறாங்கள். இப்ப மாத்தாட்டி அன்ரிக்குப் போனும் இல்லை, கழுத்தில போட்டிருக்கிற அலாரமும் இல்லை. பிறகு அவசரம் எண்டால் என்ன செய்வா?”

இது முழுப் பொய். பழைய தொலைபேசி வலையமைப்பை மூட முதலில் 2025 டிசம்பர் என்றுதான் சொன்னார்கள், அது உண்மை. ஆனால் 2024-லேயே அதை 2027 ஜனவரி 31-க்குத் தள்ளிவிட்டார்கள். தள்ளியதற்குப் பெரிய காரணமே அம்மாவைப் போல அலாரம் வைத்திருக்கிற ஆட்கள்தான். மூடுவதும் பழைய முறைப் போன் சேவையைத்தான். அதற்காக அன்றைக்கே வந்து உங்கள் வீட்டு வயரைப் பிடுங்குவார்கள் என்று அர்த்தம் இல்லை. ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு (அந்தப் பகுதித் தொலைபேசி நிலையத்துக்கு) கீழே முக்கால்வாசி வீடுகளுக்கு ஃபுல் ஃபைபர் கிடைக்கும் நிலை வந்தால், அந்த இடத்தில் செப்பு இணைப்பைப் புதிதாக விற்பதை, அந்த வயர்களைப் பராமரிக்கிற ஓப்பன்ரீச் நிறுவனம் நிறுத்தும். ஏற்கெனவே வைத்திருக்கிறவரின் இணைப்பு அதனால் அறுந்து போகாது. இதெல்லாம் அந்தப் பெடியனுக்குத் தெரியாது என்று நான் நம்பமாட்டேன். நாள் முழுக்க அதையே விற்றுக்கொண்டு திரிகிறவன்.

பழைய கம்பனியின் ஒப்பந்தம் முடியவில்லையே, இடையில் விட்டால் காசு கேட்பார்களே என்று நான் கேட்டேன். அதற்கும் பதில் தயாராக இருந்தது. “அக்கா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பழைய கம்பனி உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும், அதில இவ்வளவு கட்டவேணும் எண்டு போட்டிருக்கும். உங்களை மறிக்கிறதுக்குத்தான் அப்பிடி அனுப்புறவங்கள். அந்தக் காசு முழுக்க எங்கட கம்பனி கட்டும். பில்லை எங்களுக்கு அனுப்பினால் சரி.”

இரண்டு நாளில் மெசேஜ் வந்தது. விலகினால் 214 பவுண்ட் கட்டவேண்டும் என்று போட்டிருந்தது. அவன் சொன்னது அச்சொட்டாக நடந்ததால் அம்மாவுக்கு அவன் மேல் நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது. “பெடியன் சொன்ன மாதிரியே வந்திருக்கு பார்” என்றார்.

அந்த மெசேஜ் எதற்காக வருகிறது என்பதைப் பிறகுதான் தேடிப் பார்த்தேன். 2024 செப்டம்பரில் இருந்து பிராட்பாண்ட் மாற்றுவதென்றால் புதிய கம்பனியிடம் மட்டும் சொன்னால் போதும், அவர்களே பழைய கம்பனிக்கு அறிவிப்பார்கள். பழைய கம்பனி உடனே எங்களுக்கு, விலகினால் எவ்வளவு கட்டவேண்டிவரும் என்பதை அனுப்ப வேண்டும். விவரம் தெரியாமல் யாரும் மாட்டக்கூடாது என்று, தொலைத்தொடர்புக் கம்பனிகளைக் கண்காணிக்கிற ஒஃப்கொம் கொண்டுவந்த ஏற்பாடு அது. அந்த எச்சரிக்கை வந்து சேர முன்னமே அதை நம்பாதே என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இதைவிடத் திட்டம் போட்ட ஏமாற்று வேறு என்ன?

பிறகு ஃபிட்டிங் நாள். வந்தவர் யன்னலுக்குக் கீழே சுவரில் துளை போட்டு, சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பூட்டி, பச்சை லைட் வந்ததும் ரவுட்டரை டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். வீட்டுப் போன் வயரைச் சுவரில் இருந்து கழற்றி ரவுட்டரின் பின்பக்கம் செருகினார். சோபாவுக்குப் பக்கத்தில் இருந்த அலாரம் பெட்டியைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறார். அம்மா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் “எமர்ஜென்சி, எமர்ஜென்சி” என்றிருக்கிறார். அந்த வயரையும் எதிலோ செருகிவிட்டுப் போய்விட்டார். வேலை செய்கிறதா என்று ஒருதடவை அழுத்திப் பார்க்கவில்லை.

அம்மா ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி அந்தப் பொத்தானை அழுத்திப் பார்ப்பார். வழக்கமாகப் பெட்டிக்குள் இருந்து ஒரு பொம்பிளைக் குரல் வந்து, நலமாக இருக்கிறீர்களா என்று கேட்கும். இந்தமுறை பீப் பீப் என்ற சத்தம் மட்டும். தன் விரலில் பலம் போதவில்லை என்று நினைத்து மனுசி திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறார். ஃபிட்டிங் நடந்த நாளில் இருந்து அந்த அலாரம் செத்துத்தான் கிடந்தது. இடையில் அம்மா விழுந்திருந்தால்? அதை நினைத்தால் 214 பவுண்டே எனக்கு மறந்துபோகிறது.

பழைய அலாரம் பெட்டிகள் பல, புதிய டிஜிட்டல் லைனில் ஒழுங்காக வேலை செய்யாது. இது எல்லாக் கம்பனிக்கும் தெரிந்த விசயம். இப்படி அலாரம் வேலை செய்யாமல் பாரதூரமான சம்பவங்கள் நடந்த பிறகுதான் 2023 டிசம்பரில் அரசாங்கம் பெரிய கம்பனிகளைக் கூப்பிட்டு, இப்படிப்பட்டவர்களைப் பாதுகாப்போம் என்ற ஒரு சாசனத்தில் கையெழுத்து வாங்கியது. இன்னொன்று, செப்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருந்தே மின்சாரம் வரும், கரண்ட் போனாலும் சாதாரண வயர் போன் வேலை செய்யும். ஃபைபரில் அது கிடையாது. கரண்ட் போனால் வெள்ளைப் பெட்டியும் ரவுட்டரும் போனும் சேர்ந்து படுத்துவிடும். வீட்டுப் போனை மட்டுமே நம்பி இருக்கிறவர்களுக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணித்தியாலம் 999-க்கு எடுக்க வழி செய்துகொடுக்க வேண்டும் என்று ஒஃப்கொம் சொல்கிறது. கீழ்மாடியில் அம்மாவின் மொபைலுக்கு சிக்னலும் சரியாக வராது. கரண்ட் போனாலும் ரவுட்டரையும் போனையும் ஓடவைக்கிற ஒரு பற்றரி கொடுக்கலாம் என்று ஒரு ஆள் வாய் திறக்கவில்லை.

எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான். அம்மா அலாரம் போட்டிருப்பது அந்தப் பெடியனுக்குத் தெரியாமல் இல்லை. கழுத்தில் பார்த்தான். அதைக் காட்டித்தான் பயமுறுத்தினான். விற்ற பிறகு அதை ஓர்டரில் ஒரு வரி எழுதக்கூட அவனுக்கு மனம் வரவில்லை.

அடுத்து பில். பழைய கம்பனி 214 பவுண்டை அம்மாவின் வங்கிக் கணக்கில் இருந்து நேராக எடுத்துவிட்டது. பில்லைப் படம் எடுத்துப் புதிய கம்பனிக்கு அனுப்பினேன். பார்க்கிறோம் என்றார்கள். பிறகு ஒரு ஈமெயில்: அந்தச் சலுகை இணையத்தில் நேரடியாக ஓர்டர் செய்தவர்களுக்கு மட்டும். சரி, உங்கள் ஆள்தானே வாக்குக் கொடுத்தான் என்று கேட்டால், அவர் எங்கள் ஊழியர் இல்லை, எங்களுக்காக விற்கிற வேறு நிறுவனத்தின் ஆள் என்றார்கள். ஜாக்கெட்டில் உங்கள் பெயர்தானே இருந்தது? அதற்குப் பதில் இல்லை. அவன் பெயரையும் இலக்கத்தையும் தா என்றார்கள். அவன் எழுதிவைத்த கைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். அது எங்கள் பதிவில் இல்லை என்றார்கள். நான் எடுத்துப் பார்த்தேன், மணி அடிக்கவே இல்லை. மேலதிகாரி 24 மணித்தியாலத்துக்குள் எடுப்பார் என்றார்கள். எந்த மேலதிகாரியும் எடுக்கவில்லை.

கடைசியில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார்கள். ஓர்டர் போட்ட அன்றே, அந்தப் பெடியன் பக்கத்தில் இருக்கும்போது, கம்பனியில் இருந்து அம்மாவுக்கு ஒரு கோல் வந்திருக்கிறது. ஒரு ஆள் இங்கிலீஷில் மூச்சு விடாமல் வாசிக்கிறார். அதற்கு நடுவில், “உங்கள் முந்தைய நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டி வரலாம் என்பது உங்களுக்குப் புரிகிறதா?” அம்மாவின் குரல், “யெஸ், யெஸ்.” பின்னால் அந்தப் பெடியன் மெதுவாக “யெஸ் சொல்லுங்கோ அன்ரி” என்று சொல்வதும் கேட்கிறது. அதைக் கேட்டுவிட்டும் அந்தக் கோல் சென்ரர் பிள்ளை, “வாடிக்கையாளர் உறுதிசெய்திருக்கிறார்” என்கிறது.

புகாரை மூடுவதென்றால் 25 பவுண்ட் நல்லெண்ணமாகக் கழிக்கலாமாம். அம்மாவிடம் போனது 214 பவுண்ட். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தப் புதிய இணைப்பையே விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. வாசலில் வந்து விற்றால் 14 நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய உரிமை இருக்கிறது. ஆனால் அந்த 14 நாள் ஓர்டர் போட்டதில் இருந்து ஓடும். எங்களுக்கு ஃபிட்டிங் திகதி கொடுத்ததே அதற்குப் பிறகுதான். வயர் வந்து சேர முதலே கதவு பூட்டியாகிவிட்டது. 24 மாத ஒப்பந்தம். இப்போது விலகினால் 214-ஐ விடக் கூடக் கேட்பார்கள்.

என்ன செய்யலாம் என்பதை விபரமாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன், ஆனால் அலாரம் விசயமாக இன்னும் ஓட வேண்டியிருக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

வாசலில் எதிலும் கையெழுத்து வேண்டாம், அவன் எந்த மொழியில் கதைத்தாலும் சரி. “பழைய காசை நாங்கள் கட்டுவோம்” என்றால், தொகையோடு கம்பனி ஈமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். வராவிட்டால் அப்படி ஒரு சலுகை இல்லை. பழைய கம்பனியின் மெசேஜில் இருக்கிற தொகை உங்கள் தலையில்தான் விழும் என்று நினைத்து முடிவெடுங்கள். கழுத்து அலாரம் இருந்தால் மாற்ற முன்னம் அலாரம்காரருக்குச் சொல்லுங்கள். எங்களுக்கு கவுன்சில் அலாரம் பிரிவு சிம் போட்ட புதிய பெட்டி தருவதாகச் சொல்லியிருக்கிறது, அதுவரை நான்தான் அம்மா வீட்டில் படுக்கிறேன். ஃபிட்டிங் செய்கிறவர் வெளிக்கிட முதல் அவர் முன்னாலேயே பொத்தானை அழுத்திப் பாருங்கள். பற்றரி கேளுங்கள், கேட்காமல் தரமாட்டார்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் போனில் கத்திக்கொண்டு இருக்காமல் எழுத்தில் புகார் போட்டு, “டெட்லொக்” கடிதம் கேளுங்கள், அதாவது இதற்குமேல் எங்களால் தீர்க்க முடியாது என்று கம்பனியே எழுதித் தருகிற கடிதம். அது கையில் இருந்தால் சுயாதீனமான முறைப்பாட்டு அமைப்புக்கு நேரே போகலாம், அதற்குக் காசு இல்லை. நானும் அந்தக் கடிதத்துக்குத்தான் காத்திருக்கிறேன்.

அதே ஜாக்கெட் போட்ட, தமிழ் கதைக்கிற ஒரு பெடியன் இந்தக் கிழமை மனோர் பார்க் பக்கம் வீடு வீடாகப் போகிறான் என்று அம்மாவின் சிநேகிதி சொன்னார். அந்தப் பக்கம் உங்களுடைய ஆட்கள் யாரும் இருந்தால் இன்றைக்கே போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.