கேப்பர் மலையில் மனு: இணையப் பதிவும் மனு அறைக் காவலரும்

கடலூர் மத்திய சிறையில் இருப்பவரைப் பார்க்க இரண்டு வழி உண்டு. சிறை இருக்கும் கேப்பர் மலைக்கு நேரில் போய் மனு போடலாம்; கைதியைச் சந்திப்பதைத்தான் இங்கே மனு என்கிறோம். தேசிய தகவல் மையம் (என்ஐசி) நடத்தும் இ-பிரிசன்ஸ் தளத்தில் முன்பதிவு செய்து நேரிலோ காணொலியிலோ பார்க்கலாம். கட்டணம் கிடையாது. தளத்தில் குறைகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்ட வழியும் இருக்கிறது. அதற்கு அப்பால் மனு நல்லபடியாக அமைவது உள்ளே டியூட்டி பார்க்கும் காவலருக்கும் உங்கள் ஆளுக்கும் இருக்கும் பழக்கத்தைப் பொறுத்தது. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தளம். பதிவில் பலரும் தடுக்கி விழும் இடம் மாநிலத்தைத் தேர்வு செய்வது. பாகூர், அரியாங்குப்பம் பக்கத்துக் குடும்பங்கள் வீட்டு முகவரியைப் பார்த்துப் புதுச்சேரி என்று போட்டுவிடுகின்றன. மது பாட்டிலோடு ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பிடிபட்டவர் புதுச்சேரிக்காரராக இருக்கலாம், வழக்கு தமிழ்நாட்டுடையது. அவர் பெயர் புதுச்சேரியின் காலாப்பட்டு சிறைப் பட்டியலில் வராது. உங்கள் முகவரிக்கு ஒரு மாநிலம், சிறைக்கு ஒரு மாநிலம் என்று தளம் இரண்டு முறை கேட்கும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துப் போடுங்கள். சிறு வழக்கென்றால் மத்திய சிறைக்குப் பதிலாகக் கிளைச் சிறையில் வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. ரிமாண்ட் ஆன (நீதிமன்றக் காவலில் வைத்த) அன்றே எந்தச் சிறை என்று வக்கீலிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இந்த எல்லை புதிதாகச் சிக்கலானதில்லை. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியாரைக் கடலூர் எல்லையில் கைது செய்து கடலூர்ச் சிறையில்தான் அடைத்தார்கள். டிசம்பர் 14 அன்று விடுவித்தார்கள்.

அடுத்தது பெயர். முதல் தகவல் அறிக்கையில் ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதையேதான் போட வேண்டும். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் அதைக் கைதியின் பெயருக்குப் பயன்படுத்தாதீர்கள். இன்ஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைக்கூட கவனிக்க வேண்டும். தந்தை பெயர் கட்டாயம், வயதும் கட்டாயம். ஒரே பெயரில் பலர் இருக்கும் சிறையில் இந்த இரண்டை வைத்துத்தான் உள்ளே ஆளைப் பிரித்துப் பார்ப்பார்கள். செல்லுக்கு வரும் ஓடிபியைப் போட்டதும் பதிவு எண் வரும். அது வந்துவிட்டதால் அனுமதி கிடைத்துவிட்டது என்று கிளம்பக் கூடாது. சிறை அலுவலகம் ஏற்றுக்கொண்ட தகவல் வந்த பிறகே பஸ் ஏறுங்கள்.

தேதி தேர்ந்தெடுக்கும்போது வாய்தா நாளைத் தவிர்க்க வேண்டும். அன்று அவரை வழிக்காவல் போலீஸ் நீதிமன்றத்துக்கு அழைத்துப் போயிருக்கும். நீங்கள் வாசலில் இருப்பீர்கள், அவர் மஞ்சக்குப்பத்தில் இருப்பார். மனு ரத்தாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காணொலி மனுவுக்கு இணைப்பும் பின் எண்ணும் வரும். போனில் குரோம் திறந்து, மைக், கேமரா அனுமதியை முந்தின நாளே சரிபார்த்து வையுங்கள். இயர்போன் இல்லாமல் பேசினால் எதிரொலி வந்து பாதி நேரம் 'கேக்குதா, கேக்குதா'வில் போய்விடும். பதிவில் இல்லாதவர்கள் திரையில் தலைகாட்டக் கூடாது. காரைக்காலிலிருந்து காலாப்பட்டுக்கு வர வேண்டிய வயதான அம்மாவுக்கு இந்த வசதி பெரும் உபகாரம். ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் மிச்சம். ஆனால் ஆள் இளைத்திருக்கிறாரா, காலில் வீக்கமா, கை நடுங்குகிறதா என்பது திரையில் சரியாகத் தெரியாது. முதல் மனுவை எப்பாடுபட்டாவது நேரில் போடுங்கள்.

கடலூர் பஸ் நிலையம் திருப்பாதிரிப்புலியூரிலேயே இருக்கிறது. அங்கிருந்து ஆட்டோ கிடைக்கும். காலாப்பட்டு சிறை கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதியில். அசல் அடையாள அட்டை, ஒரு நகல், கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடி, அவ்வளவு போதும். செல்போனை உள்ளே விட மாட்டார்கள். வெளியே நம்பிக் கொடுக்க ஒருவர் கூட வரட்டும். மூக்குப்பொடி, பீடி, மாத்திரைப் பட்டை எதுவும் பையில் மறதியாகக்கூட இருக்கக் கூடாது. சோதனையில் அகப்பட்டால் அந்த மனு மட்டும் போகாது, வழக்கும் வரலாம்.

இனி காவலர். ரிமாண்ட் ஆன முதல் சில நாட்கள்தான் ஒருவருக்கு மிக மோசமான நாட்கள். சாப்பிட மாட்டார், தூங்க மாட்டார், யாரிடமும் பேச மாட்டார். மருத்துவரோ அதிகாரியோ அவரைப் பார்ப்பது சில நிமிடம். பூட்டைத் திறந்து மூடி, ஆள் எண்ணி, அதே வராந்தாவில் இரவெல்லாம் நடப்பவர் இரண்டாம் நிலைக் காவலர். 'ஏன்யா ரெண்டு நாளா தட்டு அப்படியே போகுது?' என்று கேட்கும் காவலர் ஒருவர் இருந்தால் அது உயிரைக் காக்கிற விஷயம். வருடக்கணக்கில் ஒரே பிளாக்கில் இருக்கும் இருவருக்குள் வளர்வது பல சமயம் நட்புதான். ஒருவர் பிள்ளையின் பரீட்சை இன்னொருவருக்குத் தெரியும். அதை வைத்துத்தான் மனு அறையில் பெயர் சரியாகக் கூப்பிடப்படுகிறது, காது மந்தமான பெரியவருக்குச் சத்தம் குறைந்த ஓரம் கிடைக்கிறது.

இந்த உறவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகறிந்த சாட்சி தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை. கிறிஸ்டோ பிராண்ட் 1978ல் அங்கே காவலராக வந்தபோது அவருக்கு வயது 18. கைதி நெல்சன் மண்டேலாவுக்கு 60. அங்கே மனு என்பது கண்ணாடிக்கு இருபுறமும் நின்று பேசுவது, காவலர் கேட்டுக்கொண்டே நிற்பார், குழந்தைகளுக்கு அனுமதியே இல்லை. மண்டேலாவின் மனைவி வின்னி போர்வைக்குள் மறைத்துக் கொண்டுவந்த கைக்குழந்தைப் பேத்தியைப் பிராண்ட் சில நொடிகள் மண்டேலாவின் கையில் கொடுத்து வாங்கினார். 1982ல் போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றிய பிறகும், விடுதலைக்குப் பிறகும் அந்தப் பழக்கம் அறுபடவில்லை. இங்கே குழந்தையை ஒளித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. கூடுதல் பார்வையாளராகப் பெயர் சேர்த்தால் போதும்.

ஆனால் நல்ல பழக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் குடும்பங்கள்தான். நன்றிக்கடன் என்று நினைத்து நூறோ ஐந்நூறோ நீட்டுகிறார்கள், காவலரின் சொந்த நம்பர் கேட்கிறார்கள். 1894ஆம் ஆண்டு சிறைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சிறை அலுவலர் யாரும் கைதியோடு நேராகவோ மறைமுகமாகவோ பணக் கொடுக்கல்வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. தடைசெய்த பொருளை உள்ளே அனுப்புபவரையும், தெரிந்தே விடும் அலுவலரையும் 42ஆம் பிரிவு தண்டிக்கும். நீங்கள் நீட்டும் நோட்டு அந்தக் காவலரின் வேலையைக் காவு வாங்கும். உங்கள் ஆள் அடுத்த பிளாக்குக்கு மாற்றப்படுவார். செலவுக்குப் பணம் தர வேண்டுமென்றால் கைதியின் கணக்கில் அலுவலக வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள்.

காவலரிடம் சட்டப்படியே கேட்கக்கூடியவை நிறைய. 'ஐயா, இவருக்கு வலிப்பு உண்டு, ராத்திரி மாத்திரை தவறக் கூடாது' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். பெயர், தந்தை பெயர், பிளாக், விஷயம், இந்த வரிசையில். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு உள்ளேயிருந்தே விண்ணப்பம் அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை. எழுதத் தெரியாதவரை அந்தப் பக்கம் கூட்டிப்போக ஒரு காவலர் மனது வைத்தால் போதும். அதே காவலர் நாளை இடமாற்றத்தில் வேலூருக்கோ திருச்சிக்கோ போய்விடலாம். அதனால் வாயால் சொன்னதைக் கண்காணிப்பாளருக்கு எழுத்திலும் கொடுங்கள்.

தளத்துக்கு ஐந்தில் இரண்டரை தரலாம். தமிழில் பெயர் தேட வசதி வந்தால் கூட்டலாம். காணொலிக்கு மூன்றரை. நேரில் போடும் மனுவுக்கு மதிப்பெண் போடுவதில் அர்த்தமில்லை, அது ஆளுக்கு ஆள், டியூட்டிக்கு டியூட்டி மாறும். போகும்போது மருந்துச் சீட்டின் நகல் இரண்டு எடுத்துப் போங்கள்: ஒன்று சிறை மருத்துவருக்கு, ஒன்று விண்ணப்பத்தோடு இணைக்க.