காப்பாளர் மனுவுக்காக நாங்கள் படியேறிய வழக்கறிஞர் அலுவலகம்: ஓர் அனுபவ மதிப்புரை

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை செல்லும் சாலையில், உயர் நீதிமன்றக் கிளைக்குச் சற்று முன்பாக, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இயங்கும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். நினைவிழந்த எங்கள் அம்மாவின் பணத்தையும் சொத்தையும் அவருக்காகக் கவனிக்க ஒரு காப்பாளரை நீதிமன்றம் நியமிக்க வேண்டும் என்று கேட்டு அங்கே போனோம். சொல்ல வேண்டிய குறைகள் சில இருப்பதாலும், எங்கள் வீட்டு விவகாரம் இதில் கலந்திருப்பதாலும் அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. நினைவிழந்த தாய் அல்லது தந்தையின் பெயரில் சொத்தும், அதைச் சுற்றி ஒத்துப்போகாத பிள்ளைகளும் உள்ள குடும்பத்தினர், எந்த வழக்கறிஞரிடம் போனாலும் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவலாம்.

அம்மா ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 78. அப்பா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. முதல் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து பேச்சும் போயிற்று. ஆனாலும் நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது. ஓராண்டு கழித்து வந்த இரண்டாவது தாக்குதலுக்குப் பிறகு ஆளையும் நாளையும் அடையாளம் காண இயலாமல் ஆகிவிட்டார். அவர் பெயரில் பென்ஷன் கணக்கும், வங்கியில் நிரந்தர வைப்பும், மேலூர் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றே கால் ஏக்கர் நஞ்சையும் இருக்கின்றன. அண்ணன் மேலூரிலும், நான் நரிமேட்டிலும், தம்பி கோயம்புத்தூரிலும் இருக்கிறோம். முதல் எட்டு மாதங்கள் அம்மா அண்ணன் வீட்டில் இருந்தார். அதன் பிறகு என்னிடம் இருக்கிறார்.

அண்ணனிடம் 2019இல் அம்மா எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் இருந்தது. அதை வைத்து நஞ்சையை விற்று மருத்துவச் செலவைப் பார்க்கலாம் என்பது அவர் பேச்சு. விற்ற பணம் எங்கே போகும் என்பது என் கேள்வி. அம்மா இருக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது என்பது தம்பியின் கட்சி. ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மாதம் 18,000 ரூபாய் யார் கொடுப்பது என்று கேட்டால் அவனிடம் பதில் வராது. ஒரு தீபாவளியை நாங்கள் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமலேயே கழித்தோம்.

இந்த அலுவலகத்துக்கு வருவதற்கு முன் நான் மட்டும் வேறொரு வழக்கறிஞரைப் பார்த்து முன்பணம் கொடுத்திருந்தேன். அவர் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ் ஒரு மனுவைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அந்தச் சட்டம் மைனர் குழந்தைகளுக்கானது. 78 வயது அம்மாவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தப் பணம் போனது போனதுதான்.

இந்த அலுவலகத்தின் மூத்த வழக்கறிஞர் ஒரு பெண்மணி. வாடிக்கையாளர்கள் எல்லோரும் அவரை வக்கீலம்மா என்றே அழைக்கிறார்கள். முதல் அமர்வில் எங்கள் மூவரையும் எதிரே உட்கார வைத்துவிட்டு, யார் பேச்சையும் கேட்பதற்கு முன்பாக அண்ணனிடமிருந்து பவர் பத்திரத்தை வாங்கி, எட்டுப் பக்கத்தையும் வரிக்கு வரி விரலை நகர்த்திப் படித்து முடித்தார். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “இது இப்ப செல்லும்னு யார் சொன்னாங்க?”

“யாரும் ரத்து பண்ணலையேம்மா. அம்மா உசுரோட இருக்காங்கன்னு டாக்டர்கிட்ட சர்ட்டிபிகேட் கூட வாங்கி வச்சிருக்கேன்” என்றார் அண்ணன்.

“உசுரோட இருந்தா மட்டும் போதாது தம்பி. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல அவங்களுக்குத் தெரியணும்ல.”

அந்த ஒரு வாக்கியத்துக்கே முதல் அமர்வுக்கான 1,500 ரூபாய் தகும் என்பது என் கருத்து. பவர் ஏஜெண்ட் ஒருவர் சொத்தை விற்கும்போது, எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கான மருத்துவர் சான்றைச் சார்பதிவாளர் அலுவலகம் கேட்கும். அண்ணன் அதையே முழுப் பாதுகாப்பாக நினைத்திருந்தார். ஆனால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் மட்டுமல்ல, சித்த சுவாதீனம் இழந்தாலும் முகவரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. எந்தக் காலத்துக்காக அம்மா அந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தாரோ, அந்தக் காலம் வந்தபோது அது செல்லாமல் போயிற்று. அண்ணன் ஏமாற்றுகிறார் என்று ஓராண்டாக நினைத்திருந்த எனக்கு, அவருக்கும் இது தெரியாது என்பது அப்போதுதான் விளங்கியது.

அடுத்ததாக ஒரு வெள்ளைத்தாளை நீளவாக்கில் மடித்து, நீதிமன்றம் வேண்டாதவற்றை இடப்பக்கமும் வேண்டியவற்றை வலப்பக்கமும் எழுதினார். இந்த அலுவலகத்தின் உண்மையான சேவை என்று நான் கருதுவது அந்தத் தாளைத்தான். அம்மா யார் வீட்டில் இருப்பது, எந்த மருத்துவரிடம் காட்டுவது, செலவை எப்படிப் பங்கிடுவது ஆகியவை இடப்பக்கம். பிள்ளைகளில் ஒருவர் செலவுக்குத் தர மறுத்தால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் கீழ் வருவாய்க் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம் என்றும், மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவு கிடைக்கும் என்றும் சொன்னார். அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு வழக்கறிஞர் ஆஜராவதை விலக்குவதால் அதற்குத் தனக்குக் கட்டணம் தர வேண்டியதில்லை என்பதையும் அவரே சொன்னார். தம்பி அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பென்ஷன் கணக்கு கோட்டின் மேலேயே விழுந்தது. கையெழுத்திட இயலாத நோயாளியின் கைநாட்டையோ கால் பெருவிரல் நாட்டையோ, வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரு சாட்சிகள் முன்னிலையில் பெற்றுப் பணம் தர ரிசர்வ் வங்கியின் நடைமுறை இருக்கிறது. முதல் பக்கவாதத்துக்குப் பிறகு எங்கள் வங்கி மேலாளர் வீட்டுக்கே வந்து, அம்மாவின் கட்டிலருகே குனிந்து, “டீச்சர், உங்க பென்ஷன் பணத்தை எடுக்கத்தான் இந்தக் கைநாட்டு, சம்மதமா?” என்று இரண்டு முறை கேட்டு, அம்மா கண்ணை மூடித் திறந்த பிறகே மைப்பெட்டியைத் திறந்தார். இரண்டாவது தாக்குதலுக்குப் பின் வந்தபோது அந்தக் கண் அசைவு இல்லை; மைப்பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போனார். அன்று அவர்மீது எனக்குக் கோபம். அவர் செய்ததுதான் சரி என்பதை இந்த அலுவலகத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

வலப்பக்கத்தில் வைப்புத்தொகையும் நிலமும். இங்கேதான் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில், மனநோயாளியின் உடலுக்கும் சொத்துக்கும் காப்பாளரையும் மேலாளரையும் நியமிக்க வழி இருந்தது. அதன் இடத்தில் வந்த 2017ஆம் ஆண்டின் சட்டத்தில், சிகிச்சை தொடர்பான முடிவுகளுக்கு ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாமே தவிர, சொத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 14ஆம் பிரிவு வரையறுக்கப்பட்ட காப்பாளரைப் பற்றிப் பேசுகிறது. அது குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. ஆகவே கோமாவிலோ எங்கள் அம்மாவின் நிலையிலோ இருப்பவர்களின் குடும்பங்கள், அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகுகின்றன. கோமாவில் இருப்பவர்களுக்காகக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் வழிமுறைகளை வகுத்தது. மருத்துவக் குழுவின் அறிக்கை, வருவாய்த்துறையின் விசாரணை, நியமிக்கப்படுபவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுவது ஆகியவை அவற்றில் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2024 மே மாதத்தில், கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக்கி, சொத்தை விற்கவும் அனுமதித்து, 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்பாக வைக்கச் சொன்னது.

“ஆனா அங்க சண்டை இல்லம்மா” என்றார் வக்கீலம்மா என்னைப் பார்த்து. வாரிசுகள் அனைவரும் சம்மதப் பிரமாணப் பத்திரம் கொடுத்தால்தான் எங்கள் மனு சிக்கலின்றி நகரும். ஒருவர் எதிர்த்தாலும் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட வாய்ப்புண்டு, அங்கே போனால் அம்மா இருக்கும்வரை முடியாது என்று விளக்கினார். எனவே மனுவுக்கு முன் சமரசம் தேவைப்பட்டது. மூன்று அமர்வுகள் அதற்கே போயின.

மூன்றிலும் பணத்தைப் பற்றிய பேச்சு எளிதில் முடிந்துவிட்டது, இழுத்தது வேறு. இரண்டாம் அமர்வுக்கு அண்ணனோடு வந்த மதினி அதுவரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, “எட்டு மாசம் தூக்கிக் கிடத்தினது நான். இப்ப எல்லாரும் எங்களைத் திருடங்க மாதிரி பாக்குறீங்க” என்றார். அறையில் யாரும் பேசவில்லை. வக்கீலம்மா மட்டும், மாமியாரை மருமகள் எட்டு மாதம் பராமரித்தார் என்பதை எங்கள் சமரச ஒப்பந்தத்தின் முதல் பத்தியாக எழுதும்படி ஜூனியரிடம் சொன்னார். அதற்குச் சட்ட மதிப்பு ஒன்றும் கிடையாது. அந்தப் பத்தி எழுதப்பட்ட பிறகுதான் அண்ணன் பேனாவை எடுத்தார்.

இனிக் குறைகள். கொண்டுவர வேண்டிய ஆவணங்களுக்கு, குமாஸ்தா எல்லா வழக்குக்கும் ஒரே பட்டியலை அச்சடித்து வைத்திருக்கிறார். அதில் வாரிசுச் சான்றும் இருந்தது. அதை நம்பி மேலூர் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்ற அண்ணனிடம், கவுண்டரில் இருந்த பெண் இறப்புச் சான்றைக் கேட்டிருக்கிறார். அம்மா உயிரோடு இருக்கிறார் என்று அங்கே எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டி வந்ததை அண்ணன் இன்னும் மறக்கவில்லை. வாரிசுச் சான்று இறந்தவருக்குத்தான் வழங்கப்படும் என்பது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துக்குத் தெரியாத விஷயமல்ல. பட்டியலைத் திருத்த யாருக்கும் நேரமில்லை, அவ்வளவுதான்.

மனுதாரர் நான், ஆனால் விசாரணைத் தேதி பற்றிய தகவல் மூன்று முறையும் மூத்த மகன் என்ற முறையில் அண்ணனுக்கே போனது. ஒருமுறை காலை எட்டு மணிக்குத் தெரிந்து, விடுப்புச் சொல்லாமல் ஓடினேன். முதியோர் வழக்குகளை அதிகம் எடுக்கும் அலுவலகம் மின்தூக்கி இல்லாத மூன்றாவது மாடியில் இருப்பதையும் சொல்ல வேண்டும். முழங்கால் வலியோடு ஒருவர் இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு முறையும் பார்த்தேன்.

மனுத் தாக்கலிலிருந்து உத்தரவு வரை ஏழு மாதங்கள் ஆயின; மொத்தக் கட்டணம் 45,000 ரூபாய். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. அதை இந்த அலுவலகம் என்னிடம் சொல்லவில்லை. நானும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்திருந்தாலும் அந்தச் சமரச அமர்வுகளுக்காக இங்கேயே வந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

உத்தரவின்படி நான் காப்பாளர். பென்ஷனையும் வைப்புத்தொகையின் வட்டியையும் அம்மாவின் செலவுக்கு எடுக்கலாம். நிலத்தை நீதிமன்ற அனுமதியின்றி விற்க முடியாது. அண்ணன் பயிரிட்டு அம்மாவின் பங்கை அந்தக் கணக்கிலேயே கட்டுகிறார். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, டயப்பர் முதல் மருந்து வரை ஒவ்வொரு செலவுக்கும் ரசீதுடன் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். சட்ட அறிவுக்கும் சமரசத்துக்கும் முழு மதிப்பெண் உண்டு. குறைத்தது அலுவலக நிர்வாகத்துக்கு. முதல் அரையாண்டுக் கணக்கில் வழக்குச் செலவையும் காட்ட வேண்டியிருப்பதால், கடைசித் தவணையாகக் கொடுத்த 15,000 ரூபாய்க்கு ரசீது கேட்டு நான்கு முறை தொலைபேசியில் பேசிவிட்டேன். குமாஸ்தா ஊருக்குப் போயிருக்கிறாராம்.