ஓபன்சிஎல்: ஒரே புரோகிராம் கோடு (code) எல்லா சிப்பிலும் ஓடுமா?

ஓபன்சிஎல் (OpenCL) என்பது சிபியு, ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) என்று பல வகை சிப்புகளில் ஒரே கோடை ஓட்டுவதற்கான பொதுத் தரநிலை. அதை ஆதரிக்கும் சிப் என்றால் ஓடும். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே வேகத்தில் ஓடும் என்று நம்பி இறங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

படத்தை மங்கலாக்கும் சின்ன கெர்னல் (சிப்பில் ஓடும் ஃபங்ஷன்) ஒன்றை எழுதி, ஒரு வரிகூட மாற்றாமல் சிபியுவிலும் ஜிபியுவிலும் ஓட்டிப் பார்த்தேன். பெரிய படம் என்றால் ஜிபியு கண்ணிமைப்பதற்குள் முடித்துவிடுகிறது, குட்டிப் படத்துக்கோ சிபியுதான் முந்துகிறது, ஏனென்றால் டேட்டாவை ஜிபியு மெமரிக்கு அனுப்பித் திரும்ப வாங்குவதற்குள் இங்கே வேலையே முடிந்துவிடுகிறது. கெர்னல் நேரத்தை மட்டும் அளந்துவிட்டு, மொத்த நேரம் ஏன் குறையவில்லை என்று அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். என் தப்புதான்.

அப்புறம், இரண்டு அரேக்களை (எண் வரிசைகளை) கூட்டுவதற்கே பிளாட்ஃபார்ம், டிவைஸ், கான்டெக்ஸ்ட், கியூ, பஃபர் என்று முன்னேற்பாடுகளை முழம் முழமாக எழுத வேண்டும். என்விடியா ஜிபியுக்களுக்கான கூடா (CUDA) பழகியவர்களுக்கு எரிச்சல் வரும், ஆனால் கூடாவில் எழுதியதை அப்படியே இன்னொரு கம்பெனி ஜிபியுவில் ஓட்ட முடியாதே! பல வகை சிப்புகள் என்றால் நான் ஓபன்சிஎல்லைத்தான் எடுப்பேன்.

2020-இல் வந்த ஓபன்சிஎல் 3.0 பதிப்பில் 2.x வசதிகள் பலவும் கட்டாயமில்லை என்றாகிவிட்டது, அதனால் எது இருக்கிறது என்று சிப்பிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். இன்னொன்று, கெர்னல் பெரும்பாலும் ஓடும் நேரத்தில்தான் கம்பைல் ஆகும். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால்கூட, எந்த வரியில் என்று பில்ட் லாக்கை (கம்பைல் பிழைகளின் பதிவை) நீங்களாகக் கேட்டு வாங்கினால்தான் தெரியும்.