சர்ச்ல இல்லாம ரிஜிஸ்டர் ஆஃபீஸ்ல கல்யாணம்: என் ரிவ்யூ

ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல கல்யாணம் பண்ணிக்கிட்டோம், வட சென்னைல ஒரு சார் பதிவாளர் ஆஃபீஸ்ல. ரெண்டு பேரும் பொறப்புல கிறிஸ்தவங்க, எங்க வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), என் வீட்டுக்காரர் வீடு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்), ஆனா ரெண்டு பேருமே சர்ச்சுக்குப் போறது நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு. இதே நிலைமைல இருக்கறவங்க தயங்கித் தயங்கி எங்கிட்ட கேக்கறாங்க, அதான் எழுதறேன். அஞ்சுக்கு நாலு ஸ்டார்.

ஏன் சர்ச் வேணாம்னா, கோவம்லாம் கிடையாது. வேப்பேரி பக்கம் வளந்தவ நான், ஓய்வுநாள் பாடசாலை, கொயர், டிசம்பர்ல நடு ராத்திரி வீடு வீடா கேரல் ரவுண்ட்ஸ், என் சின்ன வயசே அதான். யாரும் என்னைக் காயப்படுத்தல. திடப்படுத்தல் (சபைல முழு அங்கத்தினரா சேக்கற சடங்கு) எடுத்தப்ப முழு மனசோட சொன்ன விசுவாசப் பிரமாணம், அதாவது நாங்க எதை நம்பறோம்னு ஆராதனைல எல்லாரும் சேந்து சொல்றது, அப்புறம் ஒவ்வொரு வரியா வாய்ல வராம போச்சு. மொதல்ல "சரீரம் உயிர்த்தெழுதலும்"ங்கற இடத்துல மட்டும் பேசாம இருந்தேன், அப்புறம் கன்னிமரியாள் வரி, கடைசில சபையே எழுந்து நின்னு சொல்லும்போது நான் முன் பெஞ்சோட முதுகுப் பலகையப் பாத்துக்கிட்டு சும்மா நிப்பேன், பக்கத்துல அம்மா குரல் மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமா வரும், எனக்கும் சேத்து சொல்ற மாதிரி. அங்க அப்படி நிக்கறது நம்பறவங்களுக்குப் பண்ற மரியாதை இல்லன்னு பட்டுச்சு, போறத விட்டேன்.

கல்யாணப் பேச்சு வந்ததும் அம்மா போய் பாஸ்டரப் பாத்தாங்க. நல்ல மனுஷன். சர்ச்சுக்குப் பாக்கி இருக்கற சந்தாவ கட்டிடுங்க, மூணு ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிச்சிடலாம், "நீ வந்து நில்லும்மா, மத்தத கர்த்தர் பாத்துப்பாரு"ன்னாரு. அன்பாதான் சொன்னாரு. ஆனா தேவ சமுகத்துல பண்ற உடன்படிக்கைய நம்பிக்கை இல்லாம எப்படிச் சொல்றது, அதுவும் கட்டிக்கப்போற ஆள் கண்ணப் பாத்து? நான் வாழ்க்கைல கொடுக்கப்போற பெரிய வாக்கு அது, அதுல ஒரு வார்த்தை கூட ஒப்புக்கு இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். என் வீட்டுக்காரருக்கும் அதே எண்ணம்தான்.

இப்ப சர்வீஸ் எப்படின்னு சொல்றேன். இது 1954ல வந்த சட்டம், எந்த மதத்துக்காரங்களும் பண்ணிக்கலாம், மதம் மாறவும் வேணாம், விடவும் வேணாம், நீ எதை நம்பறன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தராவது அந்த மாவட்டத்துல குறைஞ்சது 30 நாள் குடியிருந்திருக்கணும். நோட்டீஸ் கொடுத்தா பேரு, வயசு, தொழில், அட்ரஸ் எல்லாத்தையும் ஆஃபீஸ் போர்டுல ஒட்டுவாங்க, 30 நாள் டைம், அதுக்குள்ள யாராவது ஆட்சேபணை சொன்னா விசாரிப்பாங்க. ஆட்சேபணைக்கு சட்டம் ஒத்துக்கற காரணம் கொஞ்சம்தான்: ஏற்கெனவே உயிரோட துணை இருக்கறது, வயசு பத்தாதது, மனநிலை சரியில்லாதது, அப்புறம் தடை பண்ண உறவு. பொண்ணு சர்ச்சுக்கு வர்றதில்லங்கறது அந்த லிஸ்ட்ல இல்ல, எங்க பெரியப்பா கேட்டாரு, அதனால சொல்றேன். உறவு விஷயம் மட்டும் கவனிங்க, அத்தை பையன் மாமா பொண்ணு கூட அந்தத் தடைப் பட்டியல்ல வருது, வழக்கத்த வெச்சு விலக்கு உண்டு ஆனா அது நேரா இருக்காது, வக்கீலப் பாத்துட்டுப் போங்க. நோட்டீஸ் தேதில இருந்து மூணு மாசத்துக்குள்ள கல்யாணம் முடியலன்னா மறுபடி மொதல்ல இருந்து. சொத்து பத்தி வீட்ல பயந்தாங்க, கிறிஸ்தவங்களுக்கு ஏற்கெனவே 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், இதுலயும் அதேதான், நமக்கு ஒண்ணும் மாறாது.

அன்னைக்கு ரொம்ப நேரம் காத்திருந்தோம், பத்திரப் பதிவுக்கு வந்தவங்க நடுவுல பட்டுப் புடவையோட நிக்கணும், ஃபேன் ஒண்ணே ஒண்ணு. ஆனா உள்ள கூப்பிட்டதுக்கப்புறம் நடந்தது எனக்கு ரொம்பப் பெருசு. அதிகாரியும் மூணு சாட்சியும் இருக்க, ஒருத்தர ஒருத்தர் சட்டப்படி கணவனா மனைவியா ஏத்துக்கறேன்னு சொல்லணும், நமக்குப் புரியற எந்த மொழிலயும் சொல்லலாம். தமிழ்ல சொன்னோம். ஒரே வரி. சொல்லும்போது அவர் கை நடுங்கிச்சு, என் குரல் உடைஞ்சிருச்சு, ஆனா சொன்னதுல எனக்கு நம்பிக்கை இல்லாத சொல்லு ஒண்ணு கூட இல்ல. அங்க டைப் அடிச்சிக்கிட்டிருந்த ஆஃபீஸ்காரம்மா நிறுத்திட்டு எங்களப் பாத்தாங்க. அப்புறம் கையெழுத்து, மாலை, அவ்ளோதான்.

ஒரு ஸ்டார் குறைச்சது அந்த போர்டுக்காக. எங்க வீட்ல வருத்தம்தான், எதிர்ப்பு இல்ல, அதனால தப்பிச்சோம். வீட்டுக்குத் தெரியாம, ஜாதி மாத்தி கட்டிக்கறவங்களுக்கு அட்ரஸோட ஒரு மாசம் சுவத்துல தொங்கறது உயிர் பிரச்சனை. 2021ல அலகாபாத் ஹைகோர்ட் அப்படி வெளியிடறது ஜோடியோட விருப்பம்னு தீர்ப்பு கொடுத்துச்சு, எங்களுக்கு இங்க ஒட்டத்தான் செஞ்சாங்க. இத மாத்தணும்.

பாட்டு இல்லங்கறது அம்மாவுக்கு பெரிய குறை, எனக்கும்தான், பாமாலை (சர்ச் பாட்டு) இல்லாத கல்யாணத்த எங்க குடும்பம் பாத்ததில்ல. சாயங்காலம் பெரம்பூர்ல சின்ன ஹால் எடுத்து பிரியாணி போட்டோம், சித்தப்பா ஹார்மோனியம் கொண்டு வந்தாரு, பாட்டி ஜெபம் பண்ணட்டுமான்னு கேட்டாங்க, பண்ணுங்க பாட்டின்னேன். அது அவங்க நம்பிக்கை, அவங்க வாயால வந்துச்சு, நாங்க தலை குனிஞ்சு நின்னோம். கொயர் பாட்டெல்லாம் நானும் கூட சேந்து பாடினேன், கொயர்ல நான் பாடற ஆல்டோ பார்ட் (பொண்ணுங்க பாடற கீழ்க்குரல்) இன்னும் மறக்கல.

போறவங்க சாட்சி மூணு பேருக்கும் ஒரிஜினல் ஐடி எடுத்துட்டு வரச் சொல்லுங்க, காலைலயே போயிடுங்க, தண்ணி பாட்டில் வெச்சுக்கங்க. அம்மா அப்பாவுக்கு உக்கார எடம் இருக்கான்னு முன்னாடியே போய் பாத்துட்டு வந்துருங்க.