நின்றுபோன எம்எக்ஸ்டி திரும்பி வந்தால்: செம்மண் மலையிலிருந்து ஓர் ஒப்பீடு

போன ஐப்பசியில் கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கொழுந்து பறிக்கும்போது ஒரு அக்காவின் தாலிக்கொடி செடியின் கிளையில் மாட்டி அறுந்துவிட்டது. கொடி பறிக்கூடையிலேயே கிடைத்துவிட்டது. குண்டு இரண்டும்தான் செடிக்கடியில் எங்கேயோ. நான் மெட்டல் டிடெக்டர் பெட்டியைத் தோளில் மாட்டி நிற்பதைப் பார்த்து அந்த அக்கா கேட்டார்: "தங்கம்னா இது தனியாக் கத்துமா தம்பி?"

"இல்லக்கா, குப்பைக்கும் இதே கத்துதான்."

மூன்று மணி நேரம் தேடினோம். பாக்குப் பொட்டலத்தின் ஈயத்தாள் ஏழெட்டு, முள்கம்பித் துண்டு, பாட்டில் மூடி, கொழுந்து வெட்டும் கத்திரியின் திருகாணி ஒன்று. கடைசியில் சருகுக்கு அடியில் ஒரு குண்டு. இன்னொன்று இன்றுவரை கிடைக்கவில்லை. அன்று கையில் இருந்தது என் பழைய ஒயிட்ஸ் எம்எக்ஸ்டி. மழைத் தூறலில் அதைப் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டிக்கொண்டு, செடிக்குள் போகாத காயிலை, அதாவது மண்ணுக்கு மேல் ஆட்டும் அந்தத் தட்டை, திணித்துத் திணித்துத் தேடிய அந்த மூன்று மணி நேரத்தில்தான் இந்தக் கட்டுரைக்கான எண்ணம் வந்தது. இதே பெட்டியை இன்றைக்குப் புதிதாகச் செய்தால் எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதைப் போட்டியாளர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்?

பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் ஸ்வீட் ஹோம் என்ற சின்ன ஊரில் 1950லிருந்து இயங்கிய ஒயிட்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் செய்த மெட்டல் டிடெக்டர் இது. கம்பெனி 2020இல் மூடப்பட்டது. அதன் தொழில்நுட்ப உரிமைகளை அதே ஆண்டு டெக்சஸ்காரர்களான கேரெட் வாங்கிக்கொண்டார்கள். ஒயிட்ஸின் கோல்ட்மாஸ்டர் 24கே மாடலைக் கேரெட் தன் பெயரில் மறுபடி விற்கத் தொடங்கியது. எம்எக்ஸ்டிக்கு அந்த யோகம் வரவில்லை. ஆனாலும் நான் கேட்பதெல்லாம் வெறும் கனவில்லை, செய்யக்கூடியவர்களிடம் உரிமை இருக்கிறது.

என்னைப் புதையல் தேடுபவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பழம்பொருள் என்றால் 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. காட்டுக்குள்ளும் பழைய கல்திட்டைகள் பக்கமும் பெட்டியோடு போகவே கூடாது. எனக்கு வருவதெல்லாம் தொலைந்த மோதிரம், மூக்குத்தி, மண்ணுக்குள் எங்கே போகிறது என்று யாருக்கும் நினைவில்லாத பழைய ஜிஐ பைப், புதர் மூடிய சர்வே கம்பி. பந்தலூர், தேவாலா பக்கம் தங்கம் தேடச் சொல்லியும் கேட்பார்கள். 1880 வாக்கில் லண்டனில் பங்கு விற்றுத் தோண்டிய கம்பெனிகளே கையைச் சுட்டுக்கொண்டு போன இடம் அது. நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

இனி மண். நீலகிரியில் மெட்டல் டிடெக்டர் ஒப்பீடு என்றால் பாதிக்கு மேல் மண்ணைப் பற்றித்தான் பேச வேண்டும். கோத்தகிரி சாலையில் மலையை வெட்டிய இடங்களைப் பாருங்கள், செங்கல் சூளை போலச் சிவந்திருக்கும். காலங்காலமாகப் பெய்த மழை சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போய், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளை விட்டுச் சென்ற லேட்டரைட் அது. அந்த இரும்பு ஆக்சைடில் காந்தத்துக்கு மசியும் வகையும் உண்டு. சருகும் குப்பையும் எரித்த இடத்தில் இன்னும் மோசம், சூட்டில் சாதாரண ஆக்சைடு மாகெமைட் என்ற காந்த வகையாக மாறிவிடும். அங்கே காயிலைக் கொண்டுபோனால் ஹெட்போனில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போலக் கேட்கும்.

எம்எக்ஸ்டி 14 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரே அலைவரிசையில் வேலை செய்கிறது. காயில் அனுப்பும் அலைக்கும் உலோகத்திலிருந்து திரும்பும் அலைக்கும் உள்ள கட்ட வித்தியாசத்தை, அதாவது ஒன்று மற்றொன்றுக்கு எவ்வளவு பின்தங்குகிறது என்பதை, வைத்து இது இரும்பா, செம்பா, தங்கமா என்று கணிக்கும். மண்ணும் ஒரு அலையைத் திருப்பி அனுப்புவதால் அதைக் கழித்துவிட வேண்டும், அதுதான் கிரவுண்ட் பேலன்ஸ். எம்எக்ஸ்டி நடக்க நடக்க அதைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். அதை நிறுத்திப் பூட்ட ஒரு சின்ன நெம்பு சுவிட்ச் இருக்கிறது: கிரவுண்ட், லாக், சால்ட் என்று மூன்று நிலை. அன்றைக்குக் குண்டு கிடைத்தது அந்த லாக் நிலையில்தான். தானாகச் சரிசெய்யும் பெட்டி ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஆட்டும்போது சின்ன உலோகத்தையும் மண்ணோடு சேர்த்துக் கழித்துவிடப் பார்க்கும். சந்தேகமான இடத்தில் ஒரு தட்டுத் தட்டிப் பூட்டினேன், முணுமுணுப்பாக இருந்த சத்தம் தெளிவாகிவிட்டது.

இந்த இடத்தில் போட்டிக் கம்பெனியான மைன்லேப்பின் எக்வினாக்ஸ் 800 டிடெக்டரைப் பக்கத்தில் வைக்கலாம். 2018இல் வந்தது. நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு மாதம் இரவல் வாங்கி அதே தோட்டங்களில் ஓட்டிப் பார்த்தேன். ஒரே சமயத்தில் பல அலைவரிசைகளை அனுப்புவதுதான் அதன் பலம். வேண்டுமென்றால் 5, 10, 15, 20, 40 கிலோஹெர்ட்ஸ் என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தும் ஓட்டலாம். மண்ணின் பதில் அலைவரிசைக்கு அலைவரிசை அவ்வளவாக மாறாது, உலோகத்தின் பதில் மாறும். இரண்டையும் ஒப்பிட்டு மண்ணைக் கழிப்பதால் சிவப்பு மண்ணில் அது பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. சின்ன தங்கம் உயர்ந்த அலைவரிசைக்கு நன்றாகப் பதில் சொல்லும், தடித்த வெள்ளியும் செம்பும் தாழ்ந்த அலைவரிசைக்கு. இரண்டும் ஒரே பெட்டியில் கிடைப்பது பெரிய விஷயம். துருக்கிக்காரர்களின் நோக்டா லெஜண்ட் 2022இல் இதே வழியில் வந்தது. புது எம்எக்ஸ்டிக்கு முதல் தேவை இதுதான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் அந்த லாக் சுவிட்ச் விரலுக்கு எட்டும் இடத்திலேயே இருக்க வேண்டும், மெனுவுக்குள் போய்விடக் கூடாது.

அப்படியானால் 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் கோல்ட்மாஸ்டர் 24கே போதாதா என்று கேட்கலாம். துளித் தங்கத்துக்கு அது கெட்டிக்காரன். பைப் தேடவும் ஆழத்தில் கிடக்கும் சர்வே கம்பி தேடவும் அதைக் கூப்பிட முடியாது. பல்ஸ் வகை? ஒயிட்ஸிலேயே டிடிஐ என்று ஒன்று இருந்தது, கேரெட்டில் ஏடிஎக்ஸ் இருக்கிறது. விட்டு விட்டு அலை அனுப்பி, அது அணைந்த பிறகு உலோகத்தில் மிஞ்சும் மின்னோட்டத்தைக் கேட்கும் முறை. கெட்ட மண்ணில் ஆழமாகப் போகும். ஆனால் இரும்பைப் பிரித்துச் சொல்வதில் மகா மட்டம். எஸ்டேட் மண்ணில் ஆணியும் கம்பியும் இல்லாத சதுர அடி உண்டா? பகல் முழுக்க ஆணிதான் தோண்டிக்கொண்டிருப்போம்.

என்ன உலோகம் என்று கணித்துத் திரையில் காட்டும் எண்களை வைத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். எம்எக்ஸ்டி மைனஸ் 95லிருந்து 95 வரை காட்டும். எக்வினாக்ஸ் 800 மைனஸ் 9லிருந்து 40 வரை, அதற்கு அடுத்து வந்த 900 மைனஸ் 19லிருந்து 99 வரை. எண்கள் கூடினால் நல்லதுதான். ஆனாலும் சின்னத் தாலிக்குண்டும் பாக்குப் பொட்டலத் தாளும் எந்தப் பெட்டியிலும் ஏறக்குறைய ஒரே எண்ணில்தான் வந்து உட்காரும். மெல்லிய சங்கிலி அதைவிடத் தொல்லை. பெட்டி முழுச் சங்கிலியையும் பார்ப்பதில்லை, கண்ணி கண்ணியாகப் பார்க்கிறது, பல நேரம் கொக்கி மட்டும்தான் மாட்டும். "சங்கிலி தொலைஞ்சுது" என்று யாராவது சொன்னால், அதில் டாலர் இருந்ததா என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

அடுத்தது மழையும் பேட்டரியும். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பறிக்கிறார்கள். எம்எக்ஸ்டியில் காயில் மட்டும்தான் தண்ணீரைத் தாங்கும், பெட்டி தாங்காது. எக்வினாக்ஸ் 800 தண்ணீருக்குள் 3 மீட்டர் வரை, 900 மாடல் 5 மீட்டர் வரை. ஊட்டி ஏரியில் முங்கித் தேட யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. எனக்கு வேண்டியது மேகம் வந்து மூடும்போது பெட்டியைப் பைக்குள் ஒளிக்காமல் வேலையைத் தொடர்வது, அவ்வளவுதான். எம்எக்ஸ்டியில் பிடித்தது அதன் எட்டு ஏஏ பேட்டரி. தோட்டத்து முக்குக் கடையில், பீடிக் கட்டுக்கும் தீப்பெட்டிக்கும் பக்கத்தில், அது கிடைக்கும். எக்வினாக்ஸில் உள்ளே லித்தியம் பேட்டரி, முழுச் சார்ஜில் 12 மணி நேரம் என்கிறார்கள். காற்றிலும் மழையிலும் மரம் சாய்ந்து இரண்டு நாள் கரண்ட் இல்லாத லைன் வீட்டில் அந்த 12 மணி நேரம் முடிந்தால், முடிந்ததுதான்.

தண்ணீர் புகாத பெட்டியில் கழற்றிப் போடும் பேட்டரி வைக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். கேரெட்டின் ஏடி புரோவைப் பாருங்கள். நான்கு ஏஏ பேட்டரி, 3 மீட்டர் தண்ணீர், எடையும் 1.4 கிலோவுக்குள்தான். 15 கிலோஹெர்ட்ஸ் ஒற்றை அலைவரிசை என்பதால் மண்ணுக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஆனால் பேட்டரி மூடிக்கு ரப்பர் வளையம் போட்டு அடைக்கும் வித்தை அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. எம்எக்ஸ்டியின் உரிமையும் அங்கேதான் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் போதும்.

எடையில் பழசு தோற்றுவிட்டது, வாதாட ஒன்றுமில்லை. எம்எக்ஸ்டி கிட்டத்தட்ட 2 கிலோ, எக்வினாக்ஸ் 800 வெறும் 1.34 கிலோ. சரிவில் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் வைத்து அரை நாள் ஆட்டினால் அந்த அறுநூறு சொச்சம் கிராம் தோள்பட்டையில் தெரியும். கார்பன் ஃபைபர் தண்டு, மடங்கிச் சுருங்கி பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் போகும் அளவு, அது போதும்.

காயில் விஷயத்தில் 900காரர்கள் நல்ல காரியம் செய்தார்கள், 11 அங்குலத்தோடு 6 அங்குலக் காயிலையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுக்கிறார்கள். எம்எக்ஸ்டியோடு வந்த 9.5 அங்குல வட்டம் புல்வெளிக்குச் சரி. கவாத்து வெட்டி இரண்டு மூன்று வருடமான தேயிலைச் செடியின் அடித்தண்டுகளுக்கு நடுவே அது நுழையாது. இன்னொரு குண்டு அங்கேதான் எங்கேயோ கிடக்கிறது என்று இன்னும் நினைக்கிறேன்.

சரி, பழசிடம் எதை விடவே கூடாது? பிடியில் இருக்கும் டிரிகர். துப்பாக்கி விசை மாதிரி ஆள்காட்டி விரலுக்கு நேராக இருக்கும். சத்தம் கேட்டவுடன் அழுத்திப் பிடித்தால் சரியான இடத்தைக் காட்டும், முன்னால் தள்ளினால் தேடும் விதம் மாறும். கண் மண்ணில் இருக்கும்போதே விரல் வேலையை முடித்துவிடும். முன்பக்கத்தில் மூன்று திருகு குமிழ். குளிரில் கை விறைத்திருந்தாலும், ஈரக் கையுறை போட்டிருந்தாலும், குமிழைத் திருகலாம். புதுப் பெட்டிகளில் இதெல்லாம் சின்னச் சின்னப் பொத்தான்களும் மெனுவும். தங்கம் தேடும் நிலையில் இரும்பாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று எம்எக்ஸ்டி ஒரு பட்டை காட்டும், அதுவும் இருக்கட்டும். நேர்மையாக வெறும் வாய்ப்பு என்று சொல்லும் பெட்டியை எனக்குப் பிடிக்கும்.

வயர் இல்லாத ஹெட்போன் வேண்டும், செடிகளுக்கு நடுவே வயர் மாட்டி இழுக்கும். திரைக்குப் பின்விளக்கு வேண்டும். போன் ஆப், வரைபடம், ஐம்பது விதமான ஒலி, இதெல்லாம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

இன்றைக்கே ஒருவர் வந்து, மலையில் வேலை, எதை வாங்கலாம் என்று கேட்டால், சின்னக் காயில் கூடவே வருகிறது என்பதற்காக எக்வினாக்ஸ் 900ஐச் சொல்வேன், ஒரு பவர் பேங்கும் சேர்த்து. என் எம்எக்ஸ்டியை மட்டும் கொடுக்க மாட்டேன். மார்கழியில் அந்தப் பாத்தியைக் கவாத்து வெட்டப் போவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். செடி மொட்டையானதும் 9.5 அங்குலம் நுழையும்.