கொளத்தூரில் வாங்கிய ஆமைக்குஞ்சு செட்: விளக்கு சரி, மற்றது வேண்டாம்

சென்னை கொளத்தூர் மீன் கடைகள் பக்கம் ஒரு கடையில் சல்காட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமையின் குஞ்சோடு கண்ணாடித் தொட்டி, யூவிபி (வெயிலில் இருக்கும் ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) விளக்கு, ஒரு டப்பா பெல்லட் தீனி எல்லாம் சேர்த்து செட்டாகக் கொடுக்கிறார்கள். விளக்கு மட்டும்தான் உருப்படி. யூவிபி இல்லாவிட்டால் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னல் வழியாக வெயில் வருகிறதே என்றால் அதுவும் உதவாது, கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். பல்பு எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி குறைந்துவிடும் என்பதால் 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்ற வேண்டும், இதைக் கடையில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

தொட்டி தண்டம். காற்றோட்டமே இல்லை, குஞ்சு கண்ணாடியை முட்டிக்கொண்டே இருந்தது. வண்ணாரப்பேட்டையில் வாங்கிய அகலமான பிளாஸ்டிக் டப் எவ்வளவோ மேல். பெல்லட்டோ நீராமைக்கானது, திறந்தாலே இறால் வாடை! இது புல் தின்கிற பிராணி சார். அருகம்புல், செம்பருத்தி இலை போதும், தினமும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்தால் சரி.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் இந்த ஆமையைப் பதிவு செய்ய வேண்டும், ஆவணம் கொடுங்கள் என்றால் பில் போதும் என்று மழுப்பினார்கள். கேட்டு வாங்குங்கள். நட்சத்திர ஆமையை எடுத்துக் காட்டினால் உடனே கிளம்பிவிடுங்கள், அதை வீட்டில் வைப்பதே குற்றம்.